பனையின் இரண்டு நகரங்கள்: யாழ்ப்பாணம், எல்ச்சே, இடையில் ரொறன்ரோ

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ உள்ள ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடைக்குப் போனால் ஒடியல் மா வாங்கலாம். புழுக்கொடியல், பனங்கட்டி, கல்லாக்காரம், பினாட்டு என்று பனையின் சாப்பாட்டுச் சாமான்கள் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று கிடைக்கும். கோடை வந்துவிட்டால் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பூங்காக்களில் நடத்தும் ஒன்றுகூடல்களில் கூழ்ப்பானை கொதிக்கும். யாழ்ப்பாணத்தை ஒருநாளும் பார்க்காத பிள்ளைகூட ஒடியற்கூழின் உறைப்பை அறிந்திருக்கும்.

ஆனால் அதே பிள்ளையிடம் ஒரு பனஞ்சார்வைக் கொடுத்து, சின்னப் பெட்டி ஒன்று இழைக்கச் சொன்னால் என்ன நடக்கும்? பிள்ளைக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும்தான். அவர்களிலும் பலருக்கு இப்போது கை ஓடாது. பனையின் சாப்பாடு எம்மோடு கடல் கடந்து வந்துவிட்டது. பனையின் கைவேலை வரவில்லை.

இது ஏன் நடந்தது, இனி என்ன செய்யலாம் என்று பார்ப்பதற்கு இன்னொரு ஊரின் கதை உதவும். அந்த ஊர் ஸ்பெயினில் இருக்கிறது. அங்கும் ஒரு மரம் ஊருக்குச் சோறும் தொழிலும் திருவிழாவும் கொடுத்தது.

எல்ச்சே: பேரீச்சை நகரம்

எல்ச்சே ஸ்பெயினின் தென்கிழக்கில், மத்தியதரைக் கடலுக்குக் கிட்டவாக, அலிகாந்தே மாகாணத்தில் உள்ள நகரம். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். காலணி உற்பத்திதான் இன்றைய பெரிய தொழில். ஆனால் உலகம் இந்த ஊரை அறிந்திருப்பது நகரத்தின் நடுவிலேயே நிற்கும் பேரீச்சந் தோப்புகளால். நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் சேர்த்து 2 லட்சம் அளவில் மரங்கள் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள்.

இந்தத் தோப்புகளின் அமைப்பு ஸ்பெயினில் இஸ்லாமிய ஆட்சி நடந்த காலத்தது. மழை குறைந்த மண், உப்புக் கலந்த ஆற்று நீர். வாய்க்கால் வெட்டி நீரைக் கொண்டுவந்து, நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஓரங்களில் பேரீச்சையை நட்டார்கள். மரங்கள் வெயிலையும் காற்றையும் மறித்தன. உள்ளே மாதுளையும் மரக்கறியும் வளர்ந்தன. யாழ்ப்பாணத்துக் குடாநாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. அங்கும் ஆறு இல்லை, கிணற்று நீர்தான். எல்லையில் பனையும் உள்ளே புகையிலை, வெங்காயம், மரவள்ளியும் என்பதே எமது தோட்டங்களின் வழக்கமான காட்சி.

13ஆம் நூற்றாண்டில் எல்ச்சே கிறிஸ்தவ அரசின் கைக்கு மாறியது. தோப்புகள் அழியவில்லை. புதிதாக வந்தவர்கள் அந்த மரத்துக்குத் தங்கள் சமயத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். அதுதான் குருத்தோலை ஞாயிறு. மரத்தின் இளம் ஓலைகளைச் சேர்த்துக் கட்டி, வெயில் படாமல் மூடி வைப்பார்கள். வெயில் படாததால் ஓலை பச்சை பிடிக்காது, வெளிர் மஞ்சளாக வளரும். பிறகு வெட்டிக் கழுவி, ஈரம் காயாமல் வைத்து, மெல்லிய கீற்றுகளாக வார்ந்து பின்னுவார்கள். சிலுவை, பூ, நட்சத்திரம், ஆள் உயர அலங்காரம் எல்லாம் அந்த ஓலையில் வரும். பின்னுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தாயிடமிருந்து மகள் கற்ற வேலை. ஈஸ்டருக்கு முந்திய வாரங்களில் இந்த வெண்ணோலை ஸ்பெயினின் மற்ற ஊர்களுக்கும் போகும்.

ஓகஸ்ட் 14, 15ஆம் திகதிகளில், ஊரின் பெரிய தேவாலயத்தில் மாதாவின் விண்ணேற்பு இசை நாடகம் நடக்கும். மத்திய காலத்திலிருந்து நடக்கும் நாடகம். பாடி நடிப்பவர்கள் ஊர் மக்களே. அதில் வானிலிருந்து இறங்கும் தேவதூதன் மாதாவுக்குக் கொண்டுவருவதும் ஓர் ஓலைதான். சாப்பாட்டில், மண்சட்டியில் சோற்றை இறைச்சியோடு வேகவைத்து, மேலே அடித்த முட்டையை ஊற்றிப் பொருக்குப் பிடிக்கச் சுடும் உணவு இந்த ஊரில் பேர்போனது. பேரீச்சம்பழம் இனிப்பிலும் வரும், பன்றி இறைச்சியில் சுற்றிப் பொரித்தும் வரும்.

இவை தாமாகப் பிழைக்கவில்லை. தோப்புகளைக் காக்க 1986இல் வலென்சியப் பிராந்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் தோப்புகள் சேர்ந்தன. 2001இல் நாடகத்துக்கும் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அப்படியும் கவலை தீரவில்லை. இடுப்பையும் மரத்தையும் சுற்றிக் கயிறு கட்டி ஏறுபவர்களின் தொகை குறைந்து வருகிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவப்புக் கூன்வண்டும் வந்து சேர்ந்தது. எமது பக்கத்துத் தென்னைகளைத் துளைக்கும் அதே வண்டுதான்.

எல்ச்சேயில் கைவேலை இன்றும் நடப்பதற்குச் சட்டம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நாட்காட்டி. வருடத்தில் ஒரு நாள், ஊர் முழுவதற்கும் பின்னிய ஓலை தேவைப்படுகிறது. தேவை இருப்பதால் பின்னுகிறார்கள். பின்னுவதால் அடுத்தவர் பழகுகிறார்.

பனை கொடுத்த சாப்பாடு

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். பழத்தைப் பிசைந்து களி எடுத்து மாவும் சீனியும் சேர்த்துப் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். களியைப் பாயில் பரவி, வெயிலில் காயவிட்டு, அதன்மேல் மறுபடி பரவித் தட்டாக உரித்தெடுத்தால் பினாட்டு. பாணியில் ஊறவைத்தால் பாணிப்பினாட்டு, மாதக்கணக்கில் இருக்கும்.

மிஞ்சிய விதையை எறிவதில்லை. மண்ணைக் கூட்டிப் பாத்தி கட்டி விதைகளை அடுக்கினால் மூன்று, நான்கு மாதத்தில் கிழங்கு இறங்கும். அதைப் பிடுங்கி அவித்துச் சாப்பிடலாம். அவித்ததைக் கிழித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். இந்த வித்தியாசம் இங்கே பலருக்கு மறந்துபோகிறது. புழுக்கொடியலை அப்படியே கடிக்கலாம். இடித்து மாவாக்கித் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் சேர்த்தும் சாப்பிடலாம். ஒடியல் மாவை அப்படிச் சாப்பிடக்கூடாது. தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றிக் கைப்பைப் போக்கிய பிறகுதான் பிட்டுக்கும் கூழுக்கும் எடுக்க வேண்டும். பொதியில் வாங்கிச் சமைக்கும் இளம் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கிழங்கை எடுக்காமல் விதையை வெட்டினால் உள்ளே வெள்ளைப் பூரான். கிழங்கு எடுத்தபின் மிஞ்சும் கோது ஊமல், அதுவும் அடுப்பெரிக்க உதவும். பாளை சீவி முட்டி கட்டினால் கள். முட்டியில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத கருப்பநீர். கருப்பநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. அது ஓலைக் குட்டானில் ஊற்றி விற்கப்பட்டது. அதனால் பனங்கட்டியை வாங்கும்போது ஒரு கைவேலையையும் சேர்த்தே வாங்கினோம்.

ஒடியற்கூழைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மீன், நண்டு, இறால், கணவாய், மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை, செத்தல் மிளகாய், புளி எல்லாம் ஒரே பானையில் வெந்து, கடைசியில் கரைத்த ஒடியல் மா தடிப்புக் கொடுக்கும். குடித்தது பிளாவில். பிளா என்பது பனையோலையை மடித்துக் கட்டிய கிண்ணம். ரொறன்ரோவில் கூழ் இருக்கிறது. பிளா இருந்த இடத்தில் கடதாசிக் கோப்பை வந்துவிட்டது.

ஓலையால் ஆன வீடு

ஒரு தலைமுறைக்கு முந்திய யாழ்ப்பாணத்து வீட்டில் பனை இல்லாத மூலை இல்லை. கூரை பனையோலை, வளை பனைமரம், வேலி பனையோலை அல்லது கருக்குமட்டை. கிணற்றடியில் துலாவும் பனை. குசினியில் சுளகு, பெட்டி, நீத்துப்பெட்டி. சந்தைக்குக் கடகம். மீன் வாங்க உமல். பாக்கு வெற்றிலைக்கும் சில்லறைக்கும் மடியில் கொட்டப்பெட்டி. படுக்கப் பாய், இருக்கத் தடுக்கு. அதற்கும் முந்திய காலத்தில் எழுதியதும் ஓலையில்தான். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அழிந்தவற்றில் ஏட்டுச்சுவடிகளும் அடக்கம்.

இழைப்பதற்கு எந்த ஓலையும் உதவாது. நடுவில் விரியாமல் நிற்பது குருத்து. அதற்கடுத்து விரிந்த இளம் ஓலை சார்வு. இழைப்புக்கு ஏற்றது இவைதான். முற்றிக் காய்ந்து தொங்குவது காவோலை, அது எரிக்கவும் அடைக்கவும் மட்டும். சார்வைக் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, சத்தகம் என்ற சிறு கத்தியால் ஒரே அகலத்தில் வார வேண்டும். அகலம் மாறினால் பெட்டி கோணும். பிறகு ஈரம் காட்டி இளக்கி, அடியிலிருந்து இழைத்து எழுப்ப வேண்டும். கடகம் என்றால் விளிம்பில் நார் வைத்துப் பொத்த வேண்டும். பாரம் தாங்குவது அந்தப் பொத்தலில்தான்.

இதில் அழகு மட்டும் இல்லை, புத்தியும் இருக்கிறது. நீத்துப்பெட்டியைப் பாருங்கள். கூம்பு வடிவம், இழைகளுக்கு நடுவே நீராவி ஏற இடம். மேலதிக ஈரத்தை ஓலை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பிட்டு களியாகாது. அலுமினியப் பாத்திரத்தில் மூடியில் தேங்கும் நீர் பிட்டின்மேல் சொட்டும். ஓலையில் அவித்த பிட்டின் மணத்தை எமது பெரியவர்கள் சும்மா புகழவில்லை.

ஏன் சாப்பாடு மட்டும் வந்தது?

முதற்காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. நாங்கள் பயணம் வந்தவர்கள் அல்ல, ஓடி வந்தவர்கள். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் படகுகளில் தத்தளித்து மீட்கப்பட்ட 155 பேரிடம் கடகமும் சுளகும் இருந்திருக்க முடியாது. விமானத்தில் வந்தவர்களிடமும் ஒரு கைப்பைதான். சமையல் நாக்கிலும் நினைவிலும் வரும். மாவும் மிளகாயும் கிடைத்தால் மறுபடி பிறக்கும். கைவேலைக்கு மரம் வேண்டும், ஓலை வேண்டும், பக்கத்தில் இருந்து காட்ட ஒருவர் வேண்டும், காத்திருக்க நேரம் வேண்டும். இரண்டு வேலை செய்து வீட்டுக் கடன் கட்டிய தலைமுறையிடம் நேரம் இருக்கவில்லை.

இரண்டாவது காரணம் ஊரிலேயே தொடங்கியது. பிளாஸ்டிக் கூடையும் அலுமினியமும் தகரக் கூரையும் போருக்கு முன்பே வந்துவிட்டன. போர் மரங்களையே தின்றது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனங்குற்றிகள் வெட்டப்பட்டன, செல்லடியில் வட்டுப் பறிந்த பனைகள் மொட்டையாக நின்றன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு அந்த வீடுகளின் பழக்கங்களும் கைவிடப்பட்டன.

மூன்றாவது காரணத்தைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. பனையின் சாப்பாட்டை எல்லோரும் உண்டார்கள். பனையின் உழைப்பை எல்லோரும் செய்யவில்லை. மரம் ஏறிக் கள்ளும் கருப்பநீரும் இறக்கியவர்களைச் சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்த சமூகம் இது. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போவதற்கே போராட வேண்டியிருந்தது. ஓலை இழைப்பு பல வீடுகளில் பெண்கள் செய்த வேலைதான். ஆனால் விற்றுப் பிழைப்பதற்காகக் கடகமும் பாயும் இழைத்தவை வறிய வீடுகள். வெளிநாடு வர முகவருக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது. விற்கக் காணியும் ஈடு வைக்க நகையும் இருந்தவர்கள் முதலில் வந்தார்கள். கை தெரிந்தவர்களில் பலர் அங்கேயே நின்றார்கள். பனையைக் கற்பகதரு என்று மேடையில் புகழும்போது, அந்தத் தருவில் ஏறியவரையும் அதன் ஓலையில் கை கிழிந்தவரையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாம் சொல்லும் பண்பாடு பாதிப் பண்பாடாகிவிடும்.

ஒன்ராறியோ மண்ணின் கூடைகள்

நாங்கள் குடியேறிய இந்த மண்ணிலும் இதே கதை உண்டு. கோர்ன்வால் நகருக்குக் கிட்டவாக, ஒன்ராறியோ, கியூபெக், நியூயோர்க் எல்லைகள் சந்திக்கும் இடத்தில் அக்வசாஸ்னே என்ற மோஹோக் மக்களின் பூர்வீக ஊர் இருக்கிறது. அவர்கள் கருஞ்சாம்பல் மரம் எனப்படும் ஒரு மரத்தின் குற்றியை அடித்து, ஆண்டு வளையங்களைத் தாள் தாளாகப் பிரித்து, வாசனைப் புல்லோடு சேர்த்துக் கூடை பின்னுகிறார்கள். 2002இல் வின்ட்சர், டெட்ரோய்ட் பகுதிகளில் கண்டறியப்பட்ட மரகத வண்டு இந்த மர இனத்தையே அழித்து வருகிறது. அவர்கள் விதைகளைச் சேமிக்கிறார்கள், இளையவர்களுக்கு வகுப்பு வைக்கிறார்கள். சொந்த மண்ணில் இருந்தபடியே மொழியையும் மரத்தையும் இழக்கும் ஆபத்தைச் சந்தித்தவர்கள் அவர்கள். எமது பிள்ளைகளை அழைத்துப்போய் அவர்களின் கூடையையும் எமது கடகத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாதது விளங்கும்.

எமது நாட்காட்டியில் ஏற்கனவே இருக்கும் நாட்கள்

எல்ச்சேயிலிருந்து எடுக்கக்கூடிய பாடம் ஒன்றுதான். கைவேலையை நினைவுப் பொருளாக வைத்தால் அது அலுமாரிக்குள் போய்விடும். ஒரு நாளுக்குத் தேவையாக வைத்தால் உயிரோடு இருக்கும். அப்படியான நாட்கள் எமக்குப் புதிதாகத் தேவையில்லை.

ஆடிப்பிறப்பு: யூலை நடுப்பகுதியில் வருகிறது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டால் எல்லோருக்கும் தெரிந்த நாள். ஊரில் ஒருகாலத்தில் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. ஒன்ராறியோவில் அந்த மாதமே பள்ளி விடுமுறை. பனங்கட்டி போட்ட ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் செய்யும் வீடுகள் அன்றே பிள்ளைகளுக்குப் பிளா மடிக்கப் பழக்கலாம். பிளாதான் கற்க எளிது.

தைப்பொங்கல்: ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ 2014இல் சட்டமாக்கியது, கனடிய நாடாளுமன்றம் 2016இல் ஏற்றது. பாடசாலைகளில் நடனமும் பாட்டும் நடக்கின்றன. ஒரு மேசையில் சுளகையும் நீத்துப்பெட்டியையும் வைத்து, பிள்ளைகள் கையில் எடுத்துப் புடைத்துப் பார்க்க விடலாம்.

குருத்தோலை ஞாயிறு: எமது கத்தோலிக்கக் குடும்பங்கள் ஊரில் குருத்தோலையில் சிலுவை மடித்தவர்கள். இங்குள்ள தேவாலயங்களில் அன்று கையில் தரப்படும் ஓலையிலும் அதே மடிப்பு வரும். எல்ச்சேயும் யாழ்ப்பாணமும் ஒரே நாளில் ஒரே வேலையைச் செய்வது இந்த ஒரு நாளில்தான்.

கார்த்திகை விளக்கீடு: கோயில் வாசலில் பனையை நட்டுக் காவோலை சுற்றிச் சொக்கப்பனை கொளுத்திய நாள். இங்கே அதே அளவில் முடியாது. ஆனால் ஏன் பனை என்ற கேள்விக்கு விடை சொல்லும் நாளாக அதை ஆக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

வீட்டில் இழைக்கத் தெரிந்த பெரியவர் இருந்தால், இந்த மாதமே அவர் கைகளைப் படம் பிடியுங்கள். முகத்தை அல்ல, கைகளை. அவரின் தோளுக்கு மேலிருந்து எடுத்தால் பார்ப்பவருக்கு இடம் வலம் மாறாது. ஒவ்வொரு படியிலும் அதன் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். ஓலை இல்லாவிட்டால் தடித்த கடதாசிக் கீற்றுகளே போதும். கை ஓலையை மறந்திருக்காது. ஈழத்து நூல்களை 2005 முதல் நூலகம் மின்னூலகம் காத்து வருகிறது. கைகளின் அறிவைக் காப்பது குடும்பங்களின் வேலை.

ஊருக்குப் போகிறவர்கள் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்துக்கும் ஊர்ச் சந்தைக்கும் போய் வாருங்கள். 1978இல் தொடங்கிய அந்தச் சபை பனைசார் உற்பத்திகளுக்கான அரச நிறுவனம். போருக்குப் பின் குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் இழைப்பால் உழைக்கிறார்கள். அவர்களிடம் வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். ஒரு கடகத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பது இழைத்துப் பார்த்தவருக்கே தெரியும். கொண்டுவரும் பொருள் காய்ந்து, மண்ணும் பூச்சியும் இல்லாமல் இருக்க வேண்டும். தாவரப் பொருள் என்பதால் கனடிய எல்லையில் மறைக்காமல் அறிவியுங்கள்.

இங்கே வீடுகளின் வெப்பமூட்டி காற்றை உலர்த்துவதால் பனிக்காலத்தில் ஓலை நொறுங்கும். நீத்துப்பெட்டியைப் பாவிக்கும் முன் சிறிது நேரம் தண்ணீரில் நனையுங்கள். பாவித்தபின் சவர்க்காரம் போடாமல் கழுவி, முழுதாகக் காயவிட்டு, காற்றுப்படும் இடத்தில் தூக்கி வையுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். முக்கியமாக, அலங்காரத்துக்கு மாட்டி வைக்காமல் பிட்டு அவியுங்கள். பாவித்துப் பழுதானால் இன்னொன்று வாங்கலாம், அங்கே ஒருவருக்கு அது வேலை.

பிள்ளைகளுக்குச் சில சொற்கள்

சார்வு: விரிந்த இளம் பனையோலை, இழைப்பதற்கானது.
காவோலை: முற்றிக் காய்ந்த ஓலை.
ஈர்க்கு: ஓலையின் நடு நரம்பு.
சத்தகம்: ஓலை வாரும் சிறு கத்தி.
வார்தல்: ஓலையைக் கீற்றாகக் கிழித்தல்.
இழைத்தல்: கீற்றுகளைப் பின்னிப் பாயோ பெட்டியோ ஆக்குதல்.
பொத்துதல்: கடக விளிம்பை நாரால் தைத்தல்.
கடகம்: பாரம் சுமக்கும் பெரிய பெட்டி.
சுளகு: தானியம் புடைக்கும் தட்டு.
நீத்துப்பெட்டி: பிட்டு அவிக்கும் கூம்புப் பெட்டி.
குட்டான்: பனங்கட்டி ஊற்றும் சிறு ஓலைப்பெட்டி.
உமல்: மீன் வாங்கும் ஓலைப் பை.
கொட்டப்பெட்டி: வெற்றிலை, காசு வைக்கும் சிறு பெட்டி.
பிளா: கூழும் கள்ளும் குடிக்கும் ஓலைக் கிண்ணம்.

இந்தச் சொற்களில் எத்தனை உங்கள் வீட்டில் புழங்குகின்றன என்று இன்றிரவு சாப்பாட்டு மேசையில் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களிடம் இன்னும் பல சொற்கள் இருக்கும், ஊருக்கு ஊர் மாறியும் இருக்கும். அவற்றை எழுதி வையுங்கள். அடுத்த ஆடிப்பிறப்புக்கு முன் ஒரு பிள்ளையாவது ஒரு பிளா மடிக்கப் பழகட்டும்.